மடிக்கணினிக்கு ஊர் தெரியுமா?

நாரந்தனையில் பஸ் ஏறினால் வேலணை, அல்லைப்பிட்டி கடந்து, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாண நகரத்தை அடைய ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். இந்தக் குறுகிய பயணத்தில் பயணியிடம் மாறவேண்டியது எதுவும் இல்லை. மொழி அதுவே, நாணயம் அதுவே, கடிகாரமும் அதுவே. ஆனால் அவர் பையில் கிடக்கும் மடிக்கணினிக்கு நாரந்தனை வீடு ஒரு நாடு. நகரத்து அலுவலகம் இன்னொரு நாடு. முகவரி வேறு, வாசல் வேறு, காவல் வேறு. எந்த வைஃபையில் இணைந்திருக்கிறோம் என்பதைப் பார்த்து மடிக்கணினி தானாகவே தன் அமைவுகளை மாற்றிக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். முடியும். எப்படி என்பதையும், எதை மட்டும் அதன் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் கணினிப் பொறியியலாளன் அல்லன்; செய்தி எழுதிப் பிழைத்தவன். எனினும் கடந்த பல ஆண்டுகளாகச் செய்தி என்பது மடிக்கணினியும் இணைப்பும் இல்லாமல் நகராத பொருளாகிவிட்டது. ஆகவே இந்த விவகாரம் தொழில்நுட்ப வல்லுநர்களின் சொந்த விவகாரம் அல்ல. செய்தியாளருக்கும், ஆசிரியருக்கும், கிராம அலுவலருக்கும், விடுமுறையில் ஊர் வரும் பிள்ளைகளுக்கும் உரியது.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். தீவுப்பகுதி வீடுகளில் இணையம் பெரும்பாலும் 4ஜி சிம் அட்டை போட்ட ஒரு சிறிய ரவுட்டர் வழியாகவே வருகிறது. மடிக்கணினி அதனுடன் இணைந்ததும் ரவுட்டரே ஓர் ஐபி முகவரியைக் கொடுத்துவிடும். கணினியின் உரிமையாளர் எந்த இலக்கத்தையும் தட்டச்சுச் செய்யவேண்டியதில்லை. ஆனால் நகரத்து அலுவலகங்கள் சிலவற்றில் இது போதாது. பக்க வடிவமைப்புக் கோப்புகள் இருக்கும் பழைய வழங்கி, குறிப்பிட்ட சில முகவரிகளிலிருந்து வரும் கணினிகளை மட்டுமே உள்ளே விடும். எனவே மடிக்கணினிக்கு நிலையான ஒரு முகவரியைக் கையால் எழுதிவைக்க வேண்டும். அதோடு இணையத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் ‘ப்ரொக்ஸி’ எனப்படும் பதிலி வழங்கி ஒன்றின் ஊடாகவே போகவேண்டும் என்ற கட்டளையும் இருக்கும்.

மாலையில் வீடு திரும்பினால் வைஃபை அடையாளம் முழுமையாகத் தெரியும். இணையம் மட்டும் வராது. காரணம் எளியது. அலுவலகத்தில் எழுதிய முகவரி வீட்டு ரவுட்டருக்குப் புரியாது. அது புரிந்தாலும், உலாவி இன்னும் அலுவலகத்துப் பதிலியையே தேடிக்கொண்டிருக்கும். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில், வெளியூர்ச் செய்தியாளர்களின் மடிக்கணினிகளில் பதிலியை எழுதிக் கொடுத்தார்கள். அதை நீக்கும் வழியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊருக்குப் போனவர்கள் கணினி பழுதென்று நினைத்து மறுநாள் திருத்துமிடத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். பழுதாகாத கணினிக்குத் திருத்தக் கூலி கொடுத்தவர்களும் உண்டு.

முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993 ஆம் ஆண்டு முதன்முதலாக வரையறுக்கப்பட்டு, 1997 இல் இன்றைய வடிவத்தைப் பெற்றது. அதற்கு முன்னர் அலுவலகக் கணினிகளின் திரை ஓரத்தில் ஐபி இலக்கம் எழுதிய காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். ஒரே இலக்கத்தை இருவர் எழுதிவிட்டால் இருவருக்கும் இடைஞ்சல். டிஎச்சிபி அந்தக் காகிதத் துண்டுக்கு விடைகொடுத்தது. இன்று மடிக்கணினி ஒன்றில் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால், “முகவரி கொடுப்பார் எவரும் இல்லாமையால் நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்” என்று கணினி சொல்வதாகக் கொள்ளலாம். இந்த ஓர் இலக்கத்தை நினைவில் வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகும்; குறை கணினியில் இல்லாமல் ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கக்கூடும் என்று ஊகித்துவிடலாம்.

ஆக, முகவரிப் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பவை விதிவிலக்குகள்: நிலையான முகவரி கேட்கும் அலுவலகம், பதிலி கேட்கும் அலுவலகம், கணக்குப் பார்த்துச் செலவிடவேண்டிய தொலைபேசி இணைப்பு, யாருடையதென்று தெரியாத விடுதி வைஃபை. இந்த விதிவிலக்குகளுக்குத்தான் தானியங்கி மாற்றம் தேவைப்படுகிறது.

இதைச் செய்ய இப்போது பல வழிகள் உள்ளன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே ‘மாற்று அமைவு’ என்றொரு பகுதி இருந்தது. முகவரி தானாகக் கிடைத்தால் அதைப் பயன்படுத்து, கிடைக்காவிட்டால் இந்த நிலையான முகவரியை எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். இரண்டே இடங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. விண்டோஸ் 11 இல், நினைவில் வைத்துள்ள வைஃபை வலையமைப்புகளின் பட்டியலுக்குப் போய், ஒவ்வொரு பெயரின் கீழும் ஐபி முகவரியையும் டிஎன்எஸ் வழங்கியையும் தனித்தனியாக எழுதிவைக்கலாம். அந்தப் பெயருடன் இணையும்போது அந்த அமைவு வரும். வேறு பெயருடன் இணைந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும்.

பதிலி விடயத்தில் விண்டோஸ் இவ்வளவு தாராளமாக இல்லை. கையால் எழுதும் பதிலி எல்லா வைஃபைகளுக்கும் பொதுவானதாகவே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நம் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசி இதில் மடிக்கணினியை முந்திவிட்டது. அன்ட்ரொயிட் தொலைபேசியிலும் ஐபோனிலும் ஒவ்வொரு வைஃபைக்கும் தனிப் பதிலியை எழுதலாம். மடிக்கணினியில் அதே பலனைப் பெற இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, 1996 இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தனது உலாவிக்காக உருவாக்கிய முறை. எந்தத் தளத்துக்குப் பதிலி வழியாகப் போவது, எதற்கு நேராகப் போவது என்று சொல்லும் சில வரிகள் கொண்ட ஒரு சிறு கோப்பை எழுதி உலாவியிடம் கொடுத்துவிடுவது. “அலுவலகப் பதிலியின் பெயர் இங்கே தெரிகிறதா? தெரிந்தால் அதன் வழி போ, இல்லையேல் நேராகப் போ” என்று அதில் எழுதிவைக்கலாம். நெட்ஸ்கேப் மறைந்துவிட்டது, அந்தக் கோப்பு முறையை இன்றைய உலாவிகளும் ஏற்கின்றன.

இரண்டாவது, விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெடியூலர். கணினி ஒரு வலையமைப்புடன் இணையும் ஒவ்வொரு தடவையும் நிகழ்வுப் பதிவேட்டில் 10000 என்ற இலக்கத்துடன் ஒரு குறிப்பு விழுகிறது. அந்தக் குறிப்பு விழுந்தவுடன் ஒரு சிறு நிரலை இயக்கும்படி சொல்லிவிடலாம். வைஃபையின் பெயர் அலுவலகத்தின் பெயராயின் பதிலியைப் போடு, அல்லாவிடின் எடு என்பதுதான் நிரலின் சாரம். ஊரில் கணினி படித்த இளைஞர் ஒருவர் அரை மணித்தியாலத்தில் எழுதிவிடுவார்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் இலகு. 2004 இல் தொடங்கப்பட்ட ‘நெட்வேர்க் மனேஜர்’ ஒவ்வொரு வைஃபைக்கும் தனிக் கோவை வைத்திருக்கிறது. முகவரி, டிஎன்எஸ், தீச்சுவர் வலயம் எல்லாம் அந்தக் கோவைக்குள் அடங்கும். இணைப்பு எழும்போதும் விழும்போதும் நாம் எழுதிய நிரல்களை அது அழைக்கும். அப்பிள் கணினிகளில் ‘இடங்கள்’ என்ற பெயரில் பல அமைவுத் தொகுதிகளைச் சேமிக்கும் வசதி நெடுங்காலமாக உண்டு. வீடு, அலுவலகம் என்று பெயரிட்டு ஒரே சொடுக்கில் மாறலாம். தானாக மாறவேண்டுமாயின் அங்கும் ஒரு சிறு நிரல் தேவை.

இவற்றால் கிடைக்கும் நன்மை அலுவலகத்தோடு நின்றுவிடுவதில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்சாரம் போனால் வீட்டு ரவுட்டரும் உறங்கிவிடும். மடிக்கணினியின் மின்கலம் மட்டும் விழித்திருக்கும். அப்போது கைகொடுத்தது தொலைபேசியின் இணைப்புப் பகிர்வுதான். ஆனால் மடிக்கணினிக்கு அந்த வேறுபாடு தெரியாது. வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பில் விண்டோஸ் இற்றைப்படுத்தல்களையும், மேகச் சேமிப்பில் உள்ள புகைப்படங்களையும் இறக்கத் தொடங்கி, ஒரு வாரத்துக்கு வாங்கிய டேட்டாவை ஒரே இரவில் விழுங்கிவிடும். தொலைபேசியின் வைஃபைப் பெயரை ஒருமுறை ‘அளவுள்ள இணைப்பு’ என்று குறித்துவிட்டால், அந்தப் பெயரைக் கண்டதும் கணினி தானாகவே கையை இறுக்கிக்கொள்ளும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் பாதைக்காகக் காத்திருக்கும் வேளையில் ஒரு கட்டுரையை அனுப்ப நினைப்பவருக்கும் இதுவே உதவி. பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவை என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இதுவரை சொன்னவை வசதி பற்றியவை. இனிச் சொல்லப்போவது நம்பிக்கை பற்றியது. அதற்கு முன் பழைய கதை ஒன்று.

1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்தது. அதன்பின் 2006 ஏப்ரல் வரை, ஏறக்குறைய பத்து ஆண்டுகள், இலங்கையின் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணித்தியாலம் முன்னே ஓடியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்கே பழைய நேரம். இங்கே புதிய நேரம். 2002 இல் ஏ9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் முகமாலையைத் தாண்டியதும் பழைய நேரத்துக்குள் போனார்கள். ஓமந்தையைத் தாண்டியதும் புதிய நேரத்துக்கு வந்தார்கள். ஒரு சந்திப்பை ஒழுங்குசெய்யும்போது “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்காமல் எவரும் முடித்ததில்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் அமைவுகளைக் கையால்தான் மாற்றினோம். ஆனால் எல்லை எங்கே என்பதில் ஐயம் இருந்ததில்லை. சோதனைச் சாவடி இருந்தது, சீருடை இருந்தது, பதிவேடு இருந்தது. எந்த ஆட்சியின் நிலத்தில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மடிக்கணினிக்கு அப்படி ஒரு சாவடி இல்லை. அதற்குத் தெரியும் ஒரே எல்லைக்கல், காற்றில் மிதந்துவரும் ஒரு பெயர்.

அந்தப் பெயருக்கு எஸ்எஸ்ஐடி என்று பெயர். அதன் நீளம் 32 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும். யுனிகோட்டின் வழக்கமான குறியேற்றத்தில் தமிழ் எழுத்துக்கும், அதன் மேல் ஏறும் புள்ளிக்கும், உயிர்க்குறிக்கும் தனித்தனியே மும்மூன்று பைட்டுகள் வேண்டும். ‘நாரந்தனை’ என்று தமிழில் வைஃபைக்குப் பெயர் வைத்தால் 24 பைட், இடம் போதும். ‘யாழ்ப்பாணம்’ என்று வைக்கப் போனால் 33 பைட். ஒரு பைட்டால் தவறிவிடும். ‘ஊர்காவற்றுறை’க்கு 36 வேண்டும். எங்கள் சிற்றூருக்குக் கிடைத்த பேறு நகரத்துக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.

ஆனால் பெயரின் நீளத்துக்குத்தான் சட்டம் உண்டு, உரிமைக்கு இல்லை. எவரும் எந்தப் பெயரையும் தம் ரவுட்டருக்குச் சூட்டலாம். பதிவாளர் இல்லை, சாட்சி இல்லை. எதிர்வீட்டுக்காரரின் வைஃபைப் பெயரையே நானும் வைத்துக்கொண்டால் தடுப்பார் எவரும் இல்லை. ஆகவே “பெயரைப் பார்த்து மாறு” என்று மடிக்கணினிக்குச் சொல்வது, பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து வீட்டுக்குள் நுழை என்று சொல்வதற்குச் சமம்.

இதன் வேடிக்கையான பக்கத்தை எங்கள் அயலில் ஒரு வீட்டில் கண்டேன். ரொறொன்ரோவில் இருக்கும் மகள், நாரந்தனை வீட்டுக்கு ரவுட்டர் பூட்டியபோது தன் கனடா வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே இதற்கும் வைத்திருந்தாள். பிள்ளைகள் விடுமுறையில் வந்து இறங்கியதும் எல்லாக் கருவிகளும் கேள்வி இல்லாமல் இணையட்டும் என்பது எண்ணம். தொலைபேசிகள் இணைந்தன. அவளுடைய மடிக்கணினி மட்டும் இணைந்தும் இணையம் இல்லாமல் நின்றது. கனடா வீட்டில் அச்சுப்பொறி ஒன்றுக்காக அந்தப் பெயரின் கீழ் நிலையான முகவரியை எழுதி வைத்திருந்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். “மாமா, இது இன்னும் ரொறொன்ரோவிலை நிக்கிறன் எண்டெல்லோ நினைக்குது.”

அவள் சொன்னது சிரிப்புக்குரியதுதான். ஆனால் அதே நிகழ்வை ஒரு தீயவர் திட்டமிட்டுச் செய்தால் சிரிக்க முடியாது. கருவிகள் தாம் முன்பு இணைந்த வைஃபைகளின் பெயர்களைக் காற்றில் கூவிக் கூவித் தேடும் வழக்கத்தை, 2000களின் நடுப்பகுதியிலேயே ஆய்வாளர்கள் இருவர் ‘கர்மா’ என்ற கருவியால் அம்பலப்படுத்தினார்கள். மடிக்கணினி எந்தப் பெயரைக் கூவுகிறதோ, “நான்தான் அது” என்று அந்தக் கருவி பதில் சொல்லும். கடவுச்சொல் இல்லாத விடுதி, விமான நிலைய வைஃபைகளை நினைவில் வைத்திருந்த கணினிகள் உடனே போய் ஒட்டிக்கொண்டன. பின்னர் வந்த இயங்குதளங்கள் இப்படிக் கூவுவதைப் பெருமளவு குறைத்துவிட்டன.

கடவுச்சொல் உள்ள வைஃபையில் நிலைமை மேல். இணையும்போது கணினியும் ரவுட்டரும் ஒரே கடவுச்சொல்லைத் தாம் அறிந்திருப்பதை ஒன்றுக்கொன்று நிரூபிக்கின்றன. கடவுச்சொல் தெரியாத போலி ரவுட்டர் அந்த இடத்தில் தோற்றுவிடும். எனவே வீட்டுக்காரர் மட்டும் அறிந்த கடவுச்சொல் நல்ல சாட்சி. தேநீர்க் கடைச் சுவரில் எழுதிவைத்த கடவுச்சொல் சாட்சியே அல்ல.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. 2024 மே மாதம், பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபை வரையறையிலேயே உள்ள ஒரு குறையை வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவரான மத்தி வான்ஹூப், 2017 இல் வைஃபைப் பாதுகாப்பில் வேறொரு பெருங்குறையைக் கண்டறிந்து உலகெங்கும் பேசப்பட்டவர். வைஃபையின் பெயர் எல்லா வேளைகளிலும் மெய்ப்பிக்கப்படுவதில்லை என்பதே புதிய கண்டுபிடிப்பின் சாரம். இரண்டு வலையமைப்புகளுக்கு ஒரே கடவுச்சொல்லோ ஒரே நற்சான்றோ இருந்தால், ஒன்றின் பெயரைத் திரையில் காட்டிக்கொண்டே கணினியை மற்றதோடு இணையச் செய்யலாம்.

நமது விடயத்துக்கு நேரடியாகத் தொடர்பான செய்தி அந்த ஆய்வுக்குள் இருந்தது. சில விபிஎன் செயலிகளில், நம்பிக்கைக்குரிய வைஃபையின் பெயரைக் கண்டதும் தானாக நின்றுவிடும் வசதி உண்டு. பெயரை ஏமாற்ற முடிந்தால், அந்தக் காவலையும் நிறுத்தவைக்க முடியும். காவலாளியிடம் “வீட்டுக்காரர் வந்துவிட்டார், நீ போகலாம்” என்று வேறொருவர் சொல்லி அனுப்புவது போன்றது இது.

இலங்கையில் விபிஎன் என்ற சொல் வீடுவரை வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. முகநூலையும் வொட்ஸ்அப்பையும் மீண்டும் பார்க்கவேண்டும் என்பதற்காக விபிஎன்னைத் தேடி நிறுவியவர்கள் ஏராளம். தடையைத் தாண்டும் கருவியாகவே அது அறிமுகமானது. ஆகையால் தடை நீங்கியதும் அதன் அமைவுகளைப் பலர் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த வைஃபையை அது நம்புகிறது, எப்போது தானாக நிற்கிறது என்பவை அறியாமலே அவர்களின் கருவிகளில் அது குடியிருக்கிறது.

ஊடகவியலாளருக்கு இது வெறும் வசதிக் குறைவு அல்ல. எங்கள் தொழிலில் மடிக்கணினியில் இருப்பது எழுதிய செய்தி மட்டுமன்று. செய்தியைச் சொன்னவரின் பெயரும் அங்கே இருக்கிறது. 2000 ஒக்டோபர் 19 அன்று மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தமது வீட்டிலேயே கொல்லப்பட்டார். அன்று வைஃபை இல்லை. அந்தக் கொலைக்கும் கணினிக்கும் தொடர்பும் இல்லை. ஆயினும் யாழ்ப்பாணத்தில் எழுதுபவர்கள் அந்த நாளுக்குப் பின் ஒன்றை மறந்ததில்லை. எழுதுபவர் தம் பெயரைத் துணிந்து வெளியிடலாம். தகவல் தந்தவரின் பெயரை வெளியிடும் உரிமை அவருக்கு இல்லை. அந்தப் பெயரை ஒரு தானியங்கி அமைவின் கவனக்குறைவுக்கு விட்டுவிடும் உரிமையும் இல்லை.

அச்சுறுத்துவது என் நோக்கம் அல்ல. இன்று பெரும்பாலான தளங்களும் செய்திச் செயலிகளும் தரவை மறைகுறியாக்கியே அனுப்புகின்றன. விடுதி வைஃபையில் மின்னஞ்சல் பார்த்தவுடன் கடிதம் களவுபோய்விடும் காலம் அல்ல இது. ஆனாலும் எந்தத் தளங்களுக்குப் போகிறோம், எந்த வழங்கியுடன் பேசுகிறோம் என்பவை பல வேளைகளில் வெளியே தெரியக்கூடும். ‘தனிப்பட்ட வலையமைப்பு’ என்று குறித்துவிட்ட இடத்தில், பகிர்வுக்குத் திறந்துவைத்த கோப்புறைகள் பக்கத்து மேசையின் கண்ணுக்கும் படலாம்.

ஆகவே எனது தீர்மானம் இது. மடிக்கணினி, பெயரைப் பார்த்து வசதிகளை மாற்றிக்கொள்ளட்டும். பெயரைப் பார்த்துக் காவலைத் தளர்த்த வேண்டாம்.

வசதி என்று நான் சொல்பவை: நிலையான முகவரி, அச்சுப்பொறி, அலுவலகப் பதிலி, அளவுள்ள இணைப்பு. இவற்றில் கணினி ஏமாந்தால் பெரும்பாலும் நேரும் கேடு, இணையம் வராமல் போவது. அலுவலகப் பெயரில் போலி வைஃபை ஒன்று வந்தாலும், அங்கே உண்மையான பதிலி இருக்காது. காவல் என்று சொல்பவை: தீச்சுவர், கோப்புப் பகிர்வு, விபிஎன். இவற்றில் கணினி ஏமாந்தால் இணையம் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும்; கேடு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் பழுதைத் தானியங்கியிடம் விடலாம். தெரியாத பழுதை விடலாகாது.

இந்தத் தீர்மானத்திலிருந்து சில நடைமுறைகள் தாமாகவே பிறக்கின்றன. முன்பின் அறியாத வைஃபை எதுவாயினும் ‘பொது வலையமைப்பு’ என்றே கணினி கொள்ளவேண்டும். மிகக் கடுமையான அமைவே இயல்பான அமைவாக இருக்கவேண்டும். விபிஎன் எப்போதும் இயங்கட்டும். அதை நிறுத்துவது மனிதரின் விரலாக இருக்கட்டும், வைஃபையின் பெயராக வேண்டாம். ஒரே கடவுச்சொல்லை இரண்டு வைஃபைகளுக்கு வைக்கவேண்டாம். கனடா வீட்டுக்கும் நாரந்தனை வீட்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பது வசதியல்ல. இரண்டு வாசலுக்கும் ஒரே திறப்புச் செய்வது.

இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். விண்டோஸின் பதிலி அமைவில் ‘தானாகக் கண்டுபிடி’ என்றொரு சுவிட்ச் உண்டு. தானியங்கி என்ற சொல்லைக் கண்டு பலர் அதை விரும்பித் திறந்துவைக்கிறார்கள். நான் மேலே சொன்ன தானியங்கி மாற்றம் வேறு; இது வேறு. முன்னதில் விதியை எழுதியவர் கணினியின் உரிமையாளர். பின்னதிலோ, எந்தப் பதிலி வழியாகப் போவது என்று கணினி அந்த வலையமைப்பிடமே கேட்கிறது. அங்கே இருப்பவர் தீயவராயின், தம் வாசலையே காட்டுவார். வேலை செய்யும் அலுவலகம் கேட்டாலொழிய அந்தச் சுவிட்சை மூடிவைப்பது நல்லது. தானாக மாறுவதற்கும் பிறரால் மாற்றப்படுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வைஃபையின் பெயர் வெறும் பெயர் அல்ல என்பதை இயங்குதளங்களைச் செய்பவர்களும் உணர்ந்துவிட்டார்கள். ஐபோனில் 2019 முதல், ஒரு செயலி தான் இணைந்திருக்கும் வைஃபையின் பெயரை அறிய விரும்பினால், பெரும்பாலும் இருப்பிடத்தை அறியும் அனுமதியைக் கேட்கவேண்டும். அன்ட்ரொயிட்டிலும் அவ்வாறே. பெயரும் ரவுட்டரின் இலக்கமும் சேர்ந்தால் ஒருவர் எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியும் என்பதே காரணம். தானியங்கி மாற்றத்துக்காக நிறுவும் செயலி இருப்பிட அனுமதி கேட்டால் திகைக்கவேண்டாம். ஆனால் அது யார் செய்த செயலி என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஊருக்கு விடுமுறையில் வரும் பிள்ளைகளுக்கும், பயணத்திலேயே எழுதும் நண்பர்களுக்கும் கடைசியாக ஒன்று. மடிக்கணினியில் ‘நினைவில் உள்ள வலையமைப்புகள்’ என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். எப்போதோ ஒருநாள் தங்கிய விடுதி, மாறிச்செல்ல இறங்கிய விமான நிலையம், திருமணத்துக்கு எடுத்த மண்டபம் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் கடவுச்சொல் இல்லாதவற்றை முதலில் அழியுங்கள். இனிப் போகமாட்டோம் என்று தெரிந்தவற்றை அடுத்து அழியுங்கள். மீதமிருப்பவை வீடும் அலுவலகமும் உறவினர் வீடு ஒன்றிரண்டுமாக இருக்கும். அந்தச் சிலவற்றுக்கு மட்டும் தானியங்கி அமைவுகளை எழுதுங்கள். பத்து நிமிட வேலை. அடுத்த பயணத்துக்குப் பெட்டி அடுக்கும் அன்றே செய்துவிடலாம்.